மைதானம் கண்ட மகளிர் – 11: ஆடாத ஆட்டங்களின் கணக்கு

சென்ற இதழில், ஹாங்காங் நகரத்தில் 1968 ஆம் ஆண்டு ஆசியப் பெண்கள் கால்பந்துச் சம்மேளனம் பிறந்த வரலாற்றைக் கூறி, அதன் காற்று இந்தியாவின் பக்கம் வீசத் தொடங்கிய இடத்தில் நிறுத்தியிருந்தேன். கதையைத் தொடருமுன், புதுக்கோட்டையில் நான் குடியிருக்கும் தெருவுக்கு அப்பால், தைலமரத் தோப்பை ஒட்டிய ஒரு பள்ளி மைதானத்தில் சில நாட்களுக்கு முன் நடந்த சிறு சம்பாஷணை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த அத்தியாயத்துக்கென்று நான் வகுத்து வைத்திருந்த போக்கையே அது மாற்றிவிட்டது.

மாலை ஐந்து மணி இருக்கும். மழை பெய்து நான்கு நாட்கள் ஆகியிருந்தபடியால் செம்மண் தரை இறுகிக் கல்லாய்க் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஆடிக்கொண்டிருந்த பந்தில் காற்று இறங்கிவிடவே, ஒருத்தி அதைத் தூக்கிக்கொண்டு மூலைச் சைக்கிள் கடைக்கு ஓடினாள். ஊசியின் முனையை நாவில் வைத்து ஈரப்படுத்திப் பந்தின் வாயில் செருகி, காற்றடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, போதாதென்று மேலும் இரண்டு அடி அடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் வலது காலில் மட்டும் பூட்ஸ் இருந்தது. அதன் ஜோடியான இடது கால் பூட்ஸ் மற்றொருத்தியின் காலில் இருந்தது. உதைக்கிற கால் எதுவோ அதற்குப் பூட்ஸ் என்பது அவர்களுக்குள் ஏற்பட்ட ஒப்பந்தம் போலும். வேடிக்கையாகப் பேச்சுக் கொடுக்கும் எண்ணத்துடன், "இந்த வருஷம் எத்தனை மேட்ச்சில் தோற்றீர்கள்?" என்று கேட்டேன். காற்றடித்துக்கொண்டு வந்த பெண் சற்றும் கோபமின்றி, "தோக்குறதுக்காச்சும் ஒரு மேட்ச்சு வேணும்ல தாத்தா? ஜூலைல ஒண்ணு ஆடுனோம். அதுக்கப்பறம் எங்க?" என்றாள்.

வீடு திரும்பிக் குறிப்பேட்டை விரித்தேன். இந்தியப் பெண்கள் அணி இன்ன ஆண்டில் இன்ன தேசத்தோடு பொருதி இத்தனை கோல் போட்டது, இத்தனை வாங்கியது என்று நான் சிரத்தையாகத் தொகுத்து வைத்திருந்த பட்டியலில், வெற்றி, தோல்வி, சமம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அந்தப் பெண் சொன்ன நான்காவது கட்டம் அதில் இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளின் கணக்கை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், இந்த அணியின் தலைவிதியை நிர்ணயித்தது பெரும்பாலும் அந்த நான்காவது கட்டந்தான் என்பது எனக்கு அன்றிரவு தெளிவாயிற்று.

இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கென்று தனி சம்மேளனம் தோன்றியது 1975 ஆம் ஆண்டில். ஆண்களின் ஆட்டத்தை நிர்வகித்து வந்த அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இதற்கும் அப்போது உறவு ஏதும் இல்லை. ஆசிய அளவிலும் நிலைமை அதுவே: ஆண்களுக்கான ஆசியச் சம்மேளனம் பெண்களின் பந்தயங்களைத் தன் குடையின்கீழ் ஏற்றுக்கொள்ளத் தயங்கி நின்றபடியால், ஹாங்காங் ஸ்தாபனமே போட்டிகளை நடத்தி வந்தது. பெற்றோர் அங்கீகரியாத திருமணத்தைப் போல, விருந்து தடபுடலாக நடந்ததே தவிர, பெரியவர்கள் யாரும் பந்தலுக்கு வரவில்லை. அந்த நாட்களில் இந்தியப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்க முன்வந்தவர் சுசீல் பட்டாச்சாரியா. ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் முதல் பயிற்சியாளராக விளங்கிய பெருமகன். கல்கத்தாவின் பெரிய கழகம் ஒன்றின் ஆண்களுக்குப் பாடம் சொன்னவர், பெண்களுக்குப் பந்து சொல்லிக் கொடுக்க வந்தது அக்காலத்தில் சாமானியமான காரியம் அன்று.

1980 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆசியப் பெண்கள் கோப்பைப் போட்டி கோழிக்கோட்டில் நடந்தது. மலபாரின் கால்பந்துப் பைத்தியம் உலகம் அறிந்தது. அறுவடை முடிந்த வயலில் எழுவர் ஆட்டம் என்றால் பத்து ஊர் ஜனங்கள் திரளும் சீமை அது. அங்கே ஆடும் பொருட்டு, தைவான், ஹாங்காங், மலேஷியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களிலிருந்தும், மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் அணிகள் வந்திறங்கின. போட்டியை நடத்தும் இந்தியா, 'எஸ்' என்றும் 'என்' என்றும் இரண்டு அணிகளைக் களத்தில் இறக்கியது. ஒரு தேசம் தனக்கே எதிராக அணிவகுக்கும் இந்த ஏற்பாடு விநோதமாகத்தான் தோன்றுகிறது. ஆயினும், ஓர் அணிக்குக்கூட ஆள் கிடைப்பது துர்லபம் என்று கருதப்பட்ட காலத்தில், இரண்டு அணிகளுக்குப் போதுமான பெண்கள் இத்தேசத்தில் இருந்தார்கள் என்பதை நாம் கவனிக்கத் தவறக் கூடாது. இந்தியா 'எஸ்' அணி இறுதி ஆட்டம் வரை முன்னேறி, தைவானிடம் இரண்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்றது. ஆசியாவில் இரண்டாம் இடம். அடுத்த ஆண்டு ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983 இல் பாங்காக்கில் மறுபடியும் இறுதி ஆட்டம். இம்முறை தோற்றது தாய்லாந்திடம். இந்தத் தாய்லாந்தின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அதே 1983 ஆம் ஆண்டில் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. இரண்டாவது பெண்மணியான மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவிக்கு அது கிடைத்தது 2017 இல். இடையே 34 ஆண்டுகள். ஒரு தலைமுறை வளர்ந்து, மணமாகி, பேரக் குழந்தைகளைக் கொஞ்சும் அளவுக்கான காலம்!

தைவானும் தாய்லாந்தும் நம்மை வென்றதைப் பற்றி வருந்த ஒன்றுமில்லை. இறுதி ஆட்டத்தில் யாரேனும் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். வருந்த வேண்டியது அதற்குப் பிறகு வந்த மௌனத்தைக் குறித்து. 1986 இல் ஹாங்காங் ஸ்தாபனம் ஆசியச் சம்மேளனத்தோடு இணைக்கப்பட்டது. இந்தியாவிலும் பெண்களின் சம்மேளனம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகில இந்தியச் சம்மேளனத்துடன் சேர்க்கப்பட்டது. புகுந்த வீட்டில் இடம் கிடைத்தது; அடுப்படிப் பக்கம் கிடைத்தது. கோழிக்கோட்டிலும் பாங்காக்கிலும் ஆடிய பெண்கள் அங்கீகாரம் அற்ற ஒரு ஸ்தாபனத்தின் பெயரால் ஆடியவர்கள் என்ற காரணத்தினாலோ என்னவோ, அவர்களுடைய கீர்த்தி புதிய வீட்டின் அலமாரியில் வைக்கப்படவே இல்லை. நம்மில் எத்தனை பேருக்கு, இந்தியப் பெண்கள் ஒரு காலத்தில் ஆசியாவின் இரண்டாவது அணி என்பது தெரியும்? இதை எழுதத் தொடங்கும் வரை எனக்கே தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

இவ்விடத்தில் நம் மாவட்டத்தின் சமாசாரம் ஒன்று என் நினைவில் குறுக்கிடுகிறது. 1991 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பெண்களுக்கான முதலாவது உலகக் கோப்பைப் பந்தயம் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பன்னிரண்டு தேசங்களோடு நடந்தது. அந்தப் பன்னிரண்டில் நாம் இல்லை. ஏறத்தாழ அதே காலத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தின் கிராமச் சாலைகளில் வேறொரு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பித்தது. கல் குவாரியில் வேலை செய்தவர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள், கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கானோர் விழுந்து எழுந்து, முழங்கால் சிராய்த்துக்கொண்டு கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பின்னர் சிலர் அதையே விரும்பிக் கேட்டார்கள், ஏனென்றால் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம். ஊர்க் கேலியும் வசையும் ஆரம்பத்தில் இருந்தன, நாளாவட்டத்தில் ஓய்ந்தன. பந்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், நான் சொன்ன அந்தக் கடைக்கு ஒரு மாலை வேளை வந்து பார்க்கட்டும்: டியூபுக்குக் காற்றடிக்கும் அதே பம்பில்தான் பந்துக்கும் காற்றடிக்கிறார்கள். அன்று கேரியரில் அம்மாவை வைத்து மிதித்த பெண்ணின் பேத்தியாகக்கூட இருக்கலாம், இன்று பந்தோடு ஓடுகிறவள்.

போட்டிக் கணக்குக்குத் திரும்புவோம். தொண்ணூறுகளின் பட்டியல் கசப்பானது, விரைவாகக் கடந்துவிடலாம். 1998 டிசம்பரில், பாங்காக் ஆசிய விளையாட்டில், சீனா நம்மை 16–0 என்று வென்றது. நம் அணி வரலாற்றின் மிகப் பெரிய தோல்வியாக வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது அதுவே. அந்தச் சீன அணி மறு ஆண்டே உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவோடு கோலின்றிச் சமமாக ஆடி, பெனால்டி உதையில்தான் தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுதும் முகாமில் கிடந்து ஆடும் பெண்களுக்கும், போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் ஒன்று கூட்டப்படும் பெண்களுக்கும் இடையே உள்ள தூரம் அந்தப் பதினாறு. பதினைந்தாவது வயதில் 1995 இல் தேசத்துக்காக ஆடத் தொடங்கிய பெம்பெம் தேவி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடினார். ஆனால் அந்த இருபது ஆண்டுகளில் அவர் தேசத்துக்காக ஆடக் கிடைத்த ஆட்டங்கள் மற்ற தேசத்துப் பெண்கள் ஏழெட்டு ஆண்டுகளில் ஆடி முடிப்பவை.

நான்காவது கட்டம் தன் முகத்தை முதன்முதலாக அப்பட்டமாகக் காட்டியது 2009 ஆம் ஆண்டில். உலகச் சம்மேளனம் தரவரிசைப் பட்டியலை வெளியிட்டபோது அதில் இந்தியப் பெண்கள் அணியின் பெயரே காணப்படவில்லை. கடைசி இடத்தில் இருந்தால்கூட ஒரு இடம். இது அதுவும் இல்லை. காரணம், பதினெட்டு மாதங்களுக்கு மேல் அணி ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடவில்லை. தோற்றவர்களைப் பட்டியல் கீழே தள்ளும். ஆடாதவர்களையோ அது அழித்துவிடுகிறது.

பிறகு வந்தது ஒரு பொற்காலம். அல்லது பொன்முலாம் பூசிய காலம் என்று சொல்லலாமா? 2010 இல் தெற்காசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் தொடங்கியது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரை நகரில் நடந்த முதல் போட்டியில் பூட்டானை 18–0 என்று வென்று, இறுதியில் நேபாளத்தை ஒரே கோலில் வென்று கோப்பையை எடுத்தோம். 2012 இல் கொழும்பு, 2014 இல் இஸ்லாமாபாத், 2016–17 இல் சிலிகுரி, 2019 இல் நேபாளத்தின் பிராட்நகர் என்று அடுத்த நான்கு கோப்பைகளும் நமக்கே. ஐந்து போட்டிகளிலும் ஒரு தோல்வியும் இல்லை. தெற்காசிய விளையாட்டுகளிலும் 2010, 2016, 2019 ஆகிய மூன்று முறையும் தங்கம். 2013 இறுதியில் உலகத் தரவரிசையில் 49 ஆம் இடம் வரை ஏறினோம்.

ஆனால் பூட்டானை வென்ற அந்தப் பதினெட்டைப் பற்றி எனக்குப் பெருமிதம் இல்லை. சீனாவுக்கு முன் நாம் எப்படி நின்றோமோ அப்படியே நமக்கு முன் நின்றார்கள் அந்த மலைநாட்டுப் பெண்கள். அண்டை வீட்டாரை வென்றுகொண்டே இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில், அந்த அண்டை வீட்டார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நாம் எட்டிப் பார்க்கவில்லை. வங்கதேசத்தில், மைமன்சிங் சீமையிலுள்ள கல்சிந்தூர் என்னும் குக்கிராமத்துப் பள்ளிச் சிறுமிகள், ஆரம்பப் பள்ளிகளுக்கென்று அரசு நடத்திய போட்டியில் ஆடி ஆடி, ஊரே ஒரு கால்பந்துப் பாசறையாகிவிட்டது. அங்கே சிறுமிகளுக்கு ஆட்டங்கள் கிடைத்தன. இரகசியம் அவ்வளவுதான்.

நம் தமிழ்நாடும் இக்கதையில் சும்மா இருக்கவில்லை. சுனாமி புரட்டிப்போட்ட கடலூரில், உற்றாரை இழந்து விடுதிக்கு வந்து சேர்ந்த சிறுமிகளுக்கு மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் பந்தைக் கொடுத்தார். அந்தக் கடலூர் மண்ணிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன், பிராட்நகரில் வங்கதேசத்தை 4–0 என்று வென்ற அரையிறுதியில் இரண்டு கோல் போட்டார். போலீஸ் சப் இன்ஸ்பெக்டரான அவர், கொரோனா ஊரடங்கின்போது பந்தை வைத்துவிட்டுச் சென்னைத் தெருவில் காவல் நின்றார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், அசைக்க முடியாதவர்கள் என்று பெயர் பெற்ற மணிப்பூர்ப் பெண்களை 2–1 என்று வென்று, தமிழ்நாடு முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. 2023 இல் அமிர்தசரஸில் மீண்டும் பெற்றது. மதுரையின் சேது கழகம் 2019 இல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைத் தென்பாண்டிச் சீமைக்குக் கொண்டு வந்தது.

அந்தச் சேது கழகத்தில் 2018 ஆம் ஆண்டு வங்கதேசப் பெண்கள் இருவர் ஆடினார்கள்: சபீனா காத்தூன், கிருஷ்ணா ராணி சர்க்கார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில் காத்மாண்டுவில், சபீனா தலைமையில் வங்கதேசம் இந்தியாவை 3–0 என்று வென்றது. அம்மூன்றில் ஒரு கோல் கிருஷ்ணாவினுடையது. தெற்காசியக் கோப்பைப் போட்டியில் நாம் கண்ட முதல் தோல்வி அது. அரையிறுதியில் நேபாளமும் நம்மை ஒரு கோலில் வீழ்த்தியது. இறுதியில் நேபாளத்தை 3–1 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றது வங்கதேசம். கிருஷ்ணா அன்று இரண்டு கோல். மதுரைக்காரர்கள் யாரேனும் அன்று ரகசியமாகக் கைதட்டியிருந்தால் அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

அந்த 2022 ஆம் ஆண்டு முழுவதுமே நான்காவது கட்டத்தின் ஆண்டு. ஜனவரியில் ஆசியக் கோப்பையை இந்தியா ஏற்று நடத்திற்று. நவி மும்பையில் ஈரானோடு முதல் ஆட்டம், கோலின்றிச் சமம். மூன்றாம் நாள் தைவானோடு ஆட வேண்டும். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கோழிக்கோட்டில் நம்மை வென்ற அதே தைவான். ஆனால் கொரோனா முகாமுக்குள் புகுந்து, களத்தில் இறக்க வேண்டிய குறைந்தபட்சம் பதின்மூன்று பேர்கூட இல்லாமற் போயினர். விதிப்படி அணி போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்பட்டது. அதோடு, ஏற்கெனவே வியர்வை சிந்தி ஆடி முடித்த ஈரான் ஆட்டமும் செல்லாது என்று கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஆடியது ஆடாததாயிற்று.

இதைப் படித்தபோது எனக்குக் கத்தக்குறிச்சி ஞாபகம் வந்தது. நம் மாவட்டத்து அந்தச் சிற்றூரில், செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் சில நாட்களில் அது பறிக்கப்பட்டு, அவர் ஓடிய ஓட்டம் முடிவுப் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டது. ஒரு ஏழைப் பெண்ணின் அந்தரங்கம் உலகப் பத்திரிகைகளின் தலைப்பாயிற்று. அந்த அநியாயத்துக்கு இன்றுவரை யாரும் பிராயச்சித்தம் செய்யவில்லை. பந்து வேறு, ஓட்டம் வேறு, காரணங்களும் வேறு. ஆயினும் அழிக்கும் ரப்பர் ஒன்றேதான். சாந்தி பின்னர் பயிற்சியாளராகி, மற்றப் பிள்ளைகளை ஓட வைத்துக்கொண்டிருக்கிறார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் இன்னொன்று. நிர்வாகக் குளறுபடி காரணமாக உலகச் சம்மேளனம் அகில இந்தியச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. அந்தச் செய்தி வெளியானபோது, ஆசியக் கழகங்களின் பெண்கள் போட்டியில் ஆடுவதற்காகக் கோகுலம் கேரளா அணியின் பெண்கள் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் நகரில் இறங்கியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தும் திறவாமலும் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பதினோரு நாட்களில் தடை நீங்கியது; அதற்குள் போட்டி ஆரம்பமாகிவிட்டது. பெரியவர்கள் செய்த பிழைக்குப் பெண்கள் தண்டம் கட்டினார்கள். கோகுலம் எந்த ஊர்க் கழகம் என்கிறீர்கள்? கோழிக்கோடு.

2025 ஜூன் மாதக் கடைசியில், தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று தொடங்கியது. பயிற்சியாளர் கிரிஸ்பின் செத்ரி. மங்கோலியாவை 13–0, கிழக்குத் தைமூரை 4–0, இராக்கை 5–0. மொத்தம் 22 கோல் போட்டு ஒன்றும் வாங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், எதிர்த்து நின்ற தாய்லாந்தும் அதே மூன்று அணிகளை வென்று, அதே 22 கோல் போட்டு, ஒன்றும் வாங்காமல் வந்திருந்தது. பிரிவிலிருந்து ஓர் அணிக்குத்தான் வழி. தாய்லாந்து இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய அணி. ஆட்டம் நடப்பதும் அவர்கள் ஊரில்.

ஜூலை 5. கல்யாணியிலிருந்து வந்த சங்கீதா பாஸ்ஃபோர் முற்பாதியில் தொலைவிலிருந்து ஓங்கி உதைத்து ஒரு கோல் போட்டார். இடைவேளை முடிந்த கையோடு தாய்லாந்து சமன் செய்தது. பிற்பாதியில் மீண்டும் சங்கீதாவே, இம்முறை தலையால் முட்டி. 2–1. தகுதிச் சுற்றின் வழியே இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைவது அதுவே முதல் முறை. பாங்காக்கில் தாய்லாந்திடம் இறுதி ஆட்டத்தை இழந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று நாட்களுக்கு முன்பு யாங்கோனில் மியான்மரை வென்று, வங்கதேசமும் முதன்முறையாக அதே கோப்பைக்குள் நுழைந்திருந்தது.

மறுநாள் மாலை அந்த மைதானத்துப் பக்கம் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இந்த ஜூலைச் சமாசாரத்தை நான் அந்தப் பெண்களிடம் சொன்னது நான்கு நாட்களுக்கு முன்புதான். சங்கீதாவின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை. வலது கால் பூட்ஸ்காரி மட்டும், "ஹெட்டா? கார்னர்லேந்தா வந்துச்சு?" என்று நுணுக்கமாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், இடது கால் பூட்ஸ்காரியை மூலைக்குப் போகச் சொல்லிக் கைகாட்டினாள். பந்து மூன்று முறை வேலிக்கு வெளியே போயிற்று. நான்காவது முறை நெற்றியில் பட்டது.

(தொடரும்)